கல்லிச்சி மரத்துப் பட்டு நூல்

வெற்றிச்செல்வனின் ஆராய்ச்சிக் கட்டத்துக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கழற்றி விடப்பட்டிருந்தன.

ஆராய்ச்சி செய்கிறவனுக்கு எத்தனையோ கெட்ட சகுனங்கள் உண்டு. ஆனால் கயிறு பிடித்து அளந்து, மூலைக்கு மூலை கல் நட்டு, உள்ளே ஒரு சுள்ளியைக்கூடத் தொடக்கூடாது என்று கட்டிக் காத்த இடத்துக்குள் போக ஊர்ச்சனம் செருப்பைக் கழற்றுகிறது என்றால், அதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பரிகாரம் எழுதியிருக்கவில்லை. அவன் பாறைமேல் நின்று கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, ஏன் என்று அவனுக்கே தெரியாமல், குனிந்து தன்னுடைய பூட்ஸையும் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

படவேட்டைத் தாண்டி ஜவ்வாது மலை தொடங்குகிற இடத்தில் கூனிப்பாறை என்று ஒரு குன்று. அதன் இடுப்பில், பாறை வெடிப்புக்குள் வேரை விட்டுத் தொற்றிக்கொண்டிருக்கும் ஒரு கல்லிச்சி மரம். அன்று வெள்ளிக்கிழமை. மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள், உடைத்த தேங்காய், வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி. மரத்தைச் சுற்றி மஞ்சள் நூல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. காய்ந்த சருகுக்கு ஒரு முழம் தள்ளி, தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

பின்னால் மூச்சிரைக்க வந்து நின்றார் சடையப்பன். படவேட்டுக்காரர், காலையில் தன் கொல்லைக்கு நீர் பாய்ச்சிவிட்டு, மிச்ச நேரத்தில் வெற்றிச்செல்வனோடு மலையேறுகிறவர்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் சார். வர்ற வாரம் உங்க பிளாட்டுல பொங்க வெக்கப் போறாங்களாம்."

வெற்றிச்செல்வனுக்குக் கண்ணைக் கட்டியது. ஏனென்றால் அந்த மரத்தில் முதல் மஞ்சள் நூலைக் கட்டியவன் அவன்தான்.

அவன் ஆரணிக்காரன். அப்பா வேணுகோபால் தறியில் பட்டுச்சேலை நெய்கிறவர். அம்மா கன்னியம்மாள் முள்ளிப்பட்டு வரைக்கும் போய்த் தறிகளுக்குப் பாவு இழை பிணைத்துக் கொடுக்கிறவள். மகன் மட்டும் குருவி பார்க்கப் போய்விட்டான். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று புத்தகத்தில் பேர், படவேட்டில் மஞ்சமூஞ்சி. தென்னிந்தியப் பாறைக்குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. அங்கேயும் குறைந்துகொண்டே வருகிறது. கூனிப்பாறையில் மிஞ்சியிருப்பதை ஒரு கை விரல்களில் எண்ணிவிட்டு டீயும் குடிக்கலாம்.

அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று உண்ணிச்செடி, எங்கிருந்தோ அழகுக்கென்று கொண்டுவந்து வைத்து, இன்று காட்டையே மூடிக்கொண்டிருக்கும் புதர். இன்னொன்று நெருப்பு. இருவரும் சம்பந்திகள். கோடையில் உண்ணிப்புதர் பச்சையாகவே பற்றி மரத்தின் தலைவரைக்கும் ஏற்றிவிடும். எரிந்த இடத்தில் மற்றச் செடியெல்லாம் செத்துப்போக, உண்ணி மட்டும் வேரிலிருந்து முதல் ஆளாகத் துளிர்க்கும். அடுத்த வருடம் புதர் பெரிது, நெருப்பும் பெரிது. இதில் கொடுமை, அந்தக் குருவியே உண்ணிப்பழத்தைத் தின்று கொட்டையை மலையெல்லாம் விதைத்துக்கொண்டிருந்தது. தவளை மட்டுமா தன் வாயால் கெடுகிறது?

போன கோடையில் குன்றின் மேற்குப்பக்கம் முழுக்க எரிந்தது. அங்கே கேட்டுக்கொண்டிருந்த மஞ்சமூஞ்சிக் குரல் இந்த வருடம் கேட்கவில்லை. மிச்சம் இருப்பது கிழக்குப்பக்கம். அதன் நடுவில் இந்தக் கல்லிச்சி. கோடையில் வேறெதுவும் பழுக்காத நாட்களில் இது பழுக்கும். மரம் போனால் குருவிக்குச் சோறு இல்லை. குருவி போனால் வெற்றிச்செல்வன் கூனிப்பாறையில் என்ன செய்கிறான் என்று அவன் அம்மா கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லை.

ஆராய்ச்சி இதுதான்: சில கட்டங்களில் உண்ணியை அடியோடு எடுத்துவிடுவது, சில கட்டங்களைத் தொடாமல் விடுவது, எதில் குருவி நிலைக்கிறது என்று பார்ப்பது. எடுத்த கட்டத்துக்குச் சிவப்பு அடையாளம், விட்ட கட்டத்துக்கு மஞ்சள். ஒன்றுமே செய்யாமல் விடுவதும் ஆராய்ச்சிதான் என்று சடையப்பனுக்குப் புரியவைக்க ஒரு கோடை முழுக்க ஆயிற்று.

முதலில் பிளாஸ்டிக் ரிப்பன்தான் கட்டினான். படவேட்டுப் பூங்காவனத்தின் ஆடுகள் அதை ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தன. வீட்டில் தறிக்குப் பின்னால் கழிவுப்பட்டு மூட்டை இருந்தது. சாயம் போகாது, மழைக்கு இற்றுப்போகாது, ஆடும் தொடாது. 'உள்ளூர் மூலப்பொருள்' என்று ஒரு கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டிக் கைதட்டல்கூட வாங்கினான். பட்டு நூலை வெறும் கயிறு என்று நினைப்பதற்கு ஒருவன் ஆரணியில் பிறந்திருக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பட்டு பட்டுதான்.

"அக்கா," என்றான் பூங்காவனத்திடம். கூட்டத்துக்குத் தலைமை அவள்தான். ஐம்பதைத் தாண்டிய, ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒரே குரலில் பேசுகிற பெண். "இந்த நூல கட்டினதே நான்தான்."

"தெரியும் தம்பி. பாத்துகினுதானே இருந்தேன்."

"தெரிஞ்சுமா?"

"ஏம்பா, பட்டு நூல எவனாச்சும் சும்மா மரத்துல கட்டுவானா? கட்டினா அது வேண்டுதல்தான். நீ இன்னா வேண்டிகினியோ, நான் கேக்கல. காணாப்போன என் சென ஆடு திரும்பணும்னு நானும் ஒண்ணு கட்டினேன். மூணாம் நாளு ரெண்டு குட்டியோட வந்து நிக்குது."

"அது அடையாளத்துக்குக் கட்டினது அக்கா. ஆராய்ச்சி."

"உன் கையால கட்டணும்னு அவளுக்குத் தோணிக்கீது. மஞ்சமூஞ்சி அம்மனுக்கு நீ இன்னா, நான் இன்னா?"

குருவியின் பேர் அம்மனுக்குப் போய்விட்டிருந்தது. மஞ்சள் பூசிய முகம் என்று வைத்துக்கொண்டால் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அவன் மனசு ஒத்துக்கொண்டது. வாய் மட்டும், "கற்பூரம் வேணாங்க, சருகு பத்திக்கும்," என்றது.

"கற்பூரம் தானா அணைஞ்சிடும்பா. அது சாமி நெருப்பு."

சாமி நெருப்பு அதைக் கேட்டுக்கொண்டிருந்ததோ என்னவோ, பாறை இடுக்கிலிருந்து காற்று ஒன்று கிளம்பியது. தட்டிலிருந்த கற்பூரம் உருண்டு சருகில் விழுந்தது. பட்டாசுத் திரி போல ஒரு சீற்றம்; உண்ணிப்புதரின் அடி மடமடவென்று பிடித்துக்கொண்டது. வெற்றிச்செல்வன் சட்டையைக் கழற்றி அடித்தான். சடையப்பன் தோள் துண்டால் அடித்தார். பூங்காவனம் அபிஷேகத்துக்கு வைத்திருந்த குடத்துத் தண்ணீரை யோசிக்காமல் கவிழ்த்தாள். ஒருவழியாக அடங்கியது. கருகிய புதருக்கும் கல்லிச்சி மரத்துக்கும் நடுவில் ஓராள் படுக்கிற இடம்தான்.

"அம்மன் காப்பாத்திட்டா!" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மனா? எங்க துண்ட பாரும்மா," என்று சடையப்பன் ஓட்டை விழுந்த துண்டை விரித்துக் காட்டினார். அந்த ஓட்டை வழியாக அவர் முகம் தெரிந்தது. பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

வெற்றிச்செல்வனுக்குச் சிரிப்பு வரவில்லை. பனியனோடு மலை இறங்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: இன்னொரு வெள்ளிக்கிழமை அந்த மரத்தடியில் கற்பூரம் எரியக்கூடாது. நான் கட்டினது, நான்தான் அவிழ்க்கணும்.

வழியில் பார்த்த வனக்காவலர் நல்ல மனுஷர். பாதையில் வேலி போட்டுப் பலகை வைக்கலாம் என்றார். சடையப்பன் அவர் போகும் வரைக்கும் காத்திருந்தார்.

"வேலி போட்டா இன்னா ஆவும் தெரியுமா சார்? வேலிய தாண்டி வந்து கட்டினாதான் பலிக்கும்னு ஆயிடும்."

"நூலையே எடுத்துட்டா?"

"எடுத்தா வர்றது குறையும்தான். ஆனா யார் எடுக்கிறது?"

"நீங்களும் நானும்."

"நீங்க மட்டும்," என்றார் சடையப்பன் சட்டென்று. "எம் பொண்ணு மாசமா கீறா சார். அந்த நேரத்துல அடுத்தவங்க வேண்டுதல நான் வெட்டவா? சாமி இல்லன்னே வெச்சுக்குவோம். எம் பொண்டாட்டி கீறாளே."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, வெற்றிச்செல்வன் தனியாக ஏறினான். பையில் அப்பாவின் தறிக்கத்தரி. நான் விஞ்ஞானி, நான் விஞ்ஞானி என்று ஏறுகிற வழியெல்லாம் ஜபித்துக்கொண்டு போனான். அதுவும் ஒரு வேண்டுதல் மாதிரிதான் இருந்தது.

மரத்தில் ஒரு சின்னான் உட்கார்ந்து பழம் கொத்திக்கொண்டிருந்தது. மஞ்சள் தலையைச் சாய்த்து இவனைப் பார்த்தது. 'உனக்காகத்தான்' என்று அதனிடம் சொல்லிவிட்டு, கத்தரியை விரித்தான்.

முதல் நூலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மரத்தொட்டில் தொங்கியது. யாரோ பிள்ளை கேட்டிருக்கிறார்கள். சரி, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அடுத்ததில் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக் கட்டியிருந்தது. மகனின் கண்டக்டர் வேலைக்கோ, அல்லது போன மகன் திரும்பி வரவோ. அதையும் விட்டான். மூன்றாவதில் ஒன்றுமே தொங்கவில்லை. வெறும் நூல். நல்லதாயிற்று என்று கத்தரியை வைத்தவன் கை அப்படியே நின்றது.

அது பச்சை. அந்தப் பச்சை ஆரணியில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. சாயக்காரர் ஏதோ ஞாபகத்தில் கலக்கி, கிளிப்பச்சையும் இல்லாமல் இலைப்பச்சையும் இல்லாமல் ஒரு நிறத்தில் கொண்டுவந்து இறக்க, அப்பா வாசலில் நின்று அவரோடு போட்ட சண்டை தெரு முழுக்கப் பிரசித்தம். மிஞ்சிய நூலை அம்மா பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். இரண்டு துண்டை அவள் கையால் முறுக்கிப் பிணைத்து நீளமாக்கி, மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்தது.

வெற்றிச்செல்வன் கத்தரியை மடியில் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தான். முழங்கால் வலி என்று கோயில் படிக்கட்டில்கூட ஓரமாகப் பிடித்து ஏறுகிறவள். பஸ் மாறி வந்து, இந்தப் பாறையில் எப்படி ஏறினாள்? கண்ணில் ஏதோ விழுந்தது போலத் துடைத்துக்கொண்டான். சின்னான் ஒரு பழத்தைத் தின்று முடித்துவிட்டு, அவன் தோளில் எச்சமிட்டுப் பறந்தது.

சாயங்காலம் ஆரணியில் வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா அப்போதுதான் முள்ளிப்பட்டிலிருந்து வந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளில் பாவு பிணைத்த சாம்பல் இன்னும் ஒட்டியிருந்தது. அப்பா குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார்.

"எம்மா, படவேட்டுக்குப் போயிருந்தியா?"

"யார் சொன்னா?"

"பச்ச நூலு சொல்லுச்சு."

தறிச்சத்தம் நின்றது. "அந்தப் பச்சையா?" என்றார் அப்பா. "அம்மனுக்கே அந்தப் பச்சைய கட்டினியா? பலிக்குமா அது?"

"நீ நெய்யி," என்றாள் அம்மா.

"இன்னா வேண்டிகினேமா?"

"சொன்னா பலிக்காது."

"சொல்லலன்னாலும் தெரியும்."

"தெரியுதுல்ல? அப்புறம் இன்னா கேள்வி? நீ அந்தக் குருவிய விட்டுட்டு ஜல்தியா ஊரு வந்து சேரணும். காலாகாலத்துல ஒரு பொண்ணப் பாக்கணும். ரேணுகாம்பாள் கோயில்ல வேண்டிகினு திரும்பறேன், மஞ்சமூஞ்சி அம்மன்னு புதுசா ஒண்ணு, கேட்டது உடனே நடக்குதுன்னாங்க. ஏறினேன்."

"அது எம் பிளாட்டுமா! எம் பிளாட்டுலயே வந்து எனக்கு எதிரா வேண்டிகின."

"எனக்கு இன்னா தெரியும்? நீ ஒரு நாளாச்சும் கூட்டிகினு போயிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவன் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்: கற்பூரம், சருகு, போன வருடம் எரிந்த மேற்குப்பக்கம், பையிலிருக்கிற கத்தரி. கத்தரி என்றதும் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"வெட்டிட்டியா?"

"இல்ல. கை வரல."

"வரக்கூடாது."

அவன் அவள் விரல்களைப் பார்த்தான். தறியில் பழைய பாவு முடிகிறபோது, வாலில் நிற்கிற ஒவ்வொரு இழையோடும் புதுப்பாவின் ஒவ்வொரு இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பாள். ஆயிரக்கணக்கான இழை. பிணைத்ததும் பழசு புதுசை இழுத்துக்கொண்டு அச்சுக்குள் நுழையும். பள்ளிக்கூட லீவிலெல்லாம் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து அவனும் அதைச் செய்தவன்தான்.

"எம்மா, ஒண்ணு கேக்கறேன். பழைய பாவுல புதுப்பாவ பிணைக்கிறியே, பழசு அறுந்துபோச்சுனு அர்த்தமா?"

"வாய கழுவு. பழசுதாண்டா புதுச இழுத்துகினு போவுது. ரெண்டும் ஒரே பாவு."

"அப்போ வேண்டுதல் நூல வெட்டாம, முடிச்சையும் அவுக்காம, நுனியில வேற பட்டு பிணைச்சுக் கீழ கொண்டுபோயிட்டா? மரத்துக்குக் கீழ சுனை பக்கத்துல வெறும் பாறை. ஒரு புல்லு இல்ல. வேண்டுதல் அங்க வந்துடும். கற்பூரத்த அங்க ஏத்தட்டும், தீவட்டியே ஏத்தட்டும்."

அம்மா கண்ணைச் சுருக்கினாள். ஏதோ ஓரிடத்தில் மகன் தன்னை ஏமாற்றுகிறான் என்று அவளுக்குப் பட்டது. எந்த இடம் என்றுதான் தெரியவில்லை.

தறிக்குழியிலிருந்து அப்பா சிரித்தார். "மாட்டிகின. பிணைச்சது வேற நூலுன்னு சொல்லு, நாளைக்கு முள்ளிப்பட்டுல எவன் உன்ன கூப்பிடறான்னு பாக்கலாம்."

"கோணலா பிணைச்சா பாதி வழியில அறுந்துடும்," என்றாள் அவள் கடைசியில். "நானே வரேன். எங்கூட வேல செய்யற பொண்ணுங்க நாலு பேரக் கூட்டிகினு வரேன். ஆனா எம் பச்சையத்தான் மொதல்ல பிணைக்கணும்."

வியாழக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் அவர்கள் கூனிப்பாறையில் இருந்தார்கள். சடையப்பன் அம்மாவைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். பூங்காவனம் இடுப்பில் கைவைத்து வழிமறித்து நின்றாள்.

"அம்மன இடம் மாத்தப் போறீங்களாமே?"

"மாத்தல அக்கா, நீட்டப் போறோம்," என்றான் வெற்றிச்செல்வன்.

கன்னியம்மாள் பச்சை நூலின் நுனியில் சிவப்புப் பட்டு நூலை வைத்து, சாம்பல் தொட்டு, ஒரு முறுக்கு முறுக்கி நீட்டினாள். "இழுத்துப் பாருங்க."

பூங்காவனம் இழுத்தாள். கிடாவை இழுக்கிற பலத்தோடு இழுத்தாள். பட்டென்று அறுந்தது, அறுந்தது சிவப்பு நூலின் நடுவில். பிணைத்த இடம் அப்படியே இருந்தது. பூங்காவனம் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "மொதல்ல என் ஆட்டு நூல எடு. அதுதான் மூத்தது," என்றாள். எது முதலில் என்று இரண்டு பெண்களுக்கும் கொஞ்ச நேரம் தகராறு நடந்தது. மூத்தது ஆட்டு நூலென்றும், பிணைக்கிற கூலிக்குப் பச்சை நூலுக்கும் அதே உரிமை என்றும் முடிவாகி, இரண்டையும் ஒரே சமயத்தில் இரண்டு பேர் பிணைத்தார்கள்.

நூல் நூலாகப் பிணைத்து, கற்றையாகச் சேர்த்து, பாறை வெடிப்போடு கீழே இறக்கினார்கள். பறவை காலில் சிக்கக்கூடாது என்று வெற்றிச்செல்வன் அங்கங்கே கல்லை வைத்து நூலைப் பாறையோடு அழுத்தினான். அவன் விரல்களும் மறந்திருக்கவில்லை. ஒரு இழை முடிந்ததும் அடுத்ததைத் தானாகத் தேடின. அம்மா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இந்த வேல தெரிஞ்சவனுக்கு யார் பொண்ணு குடுக்க மாட்டேன்னா?" என்றாள் பொதுவாக, வானத்தைப் பார்த்து.

வெயில் சாயும்போது, சுனைக்குப் பக்கத்து வெறும் பாறையில் நட்ட ஒரு கல்லில் பட்டுக் கற்றை வந்து முடிந்தது.

மறுநாள் செருப்புகள் அங்கேதான் கிடந்தன. கற்பூரம் மொட்டைப் பாறையில் எரிந்து, எரிக்க ஒன்றும் கிடைக்காமல் அணைந்தது. பொங்கலும் அங்கேதான் பொங்கியது. வெற்றிச்செல்வன் இலையில் பொங்கலோடு உட்கார்ந்து, எடுத்த காரியம் முடிந்தது என்று நினைத்தான். ஆராய்ச்சிக்காரர்கள் இப்படி நினைக்கிற நேரத்தைத்தான் விதி பார்த்துக்கொண்டிருக்கும்.

மேலே கல்லிச்சிப் பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தான். ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் உண்ணிப்புதரை வேரோடு சாய்த்துக்கொண்டிருந்தது. பூங்காவனம் நடுவில் நின்று ஆணையிட்டாள். "அம்மன் உத்தரவு தம்பி! நூல் கட்டறவங்க ஆளுக்கொரு உண்ணிச்செடி புடுங்கணும். அன்னிக்கு நெருப்புல பாத்தேனே. நூல் பிணைக்கறப்போ நீதான சொன்ன, அதுதான் கொள்ளின்னு?"

"நான் சொன்னேங்க. ஆனா..."

ஆனால் அது மஞ்சள் கட்டம். ஒரு சுள்ளியைக்கூடத் தொடக்கூடாத கட்டம். தொடாமல் விட்டதற்கும் எடுத்ததற்கும் என்ன வித்தியாசம் என்று காட்ட, பழ மரத்தோடு இருந்த ஒரே கட்டம். அது போனால் ஒப்பிட ஆளில்லை. அவன் ஆராய்ச்சிப் பட்டம் இன்னும் ஒரு வருடமாவது தள்ளிப்போகும். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெற்றிச்செல்வன் வாயைத் திறந்தான். அனல் காற்று முகத்தில் அடித்தது. மரத்தில் பழுத்த பழங்களைப் பார்த்தான். வாயை மூடினான்.

பிறகு, "அண்ணே," என்றான் சடையப்பனிடம், "வேர்க்கழுத்துக்குக் கீழ வெட்டச் சொல்லுங்க. வெட்டினத தலகீழா கவுக்கணும். இல்லன்னா திரும்பத் துளுக்கும்." தானும் ஒரு கடப்பாரையை வாங்கிக்கொண்டான். "காய்ஞ்சதும் இங்க கிடக்கக்கூடாது. அதுவே நெருப்புக்குத் தீனி."

"எம் பட்டிக்கு வேலி வேணும்," என்றாள் பூங்காவனம். "நான் இழுத்துகினு போயிக்கிறேன்."

பாறை உச்சியில்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அவனுடைய வழிகாட்டி, பேராசிரியர் திலகவதி, முதல் மணியிலேயே எடுத்தார்.

"மேடம், கல்லிச்சிக் கட்டம் போச்சு."

"எரிஞ்சிடுச்சா?"

"இல்ல மேடம். புடுங்கிட்டாங்க."

"யாரு?"

"பக்தர்கள்."

"செல்வன், ஆய்வு முறைங்கற பகுதியில இத எப்படி எழுதுவீங்க?"

"தெரியல மேடம். கீழ பக்கம் புதுசா கட்டம் போட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். ஒரு வருஷம் கூட ஆவும்."

"ஆகட்டும். குருவி இருக்கா?"

திரும்பிப் பார்த்தான். "இருக்கு மேடம்."

"அப்ப வேலையப் பாருங்க."

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், குன்றின் முதுகுக்குப் பின்னாலிருந்து புகை எழுந்தது. யார் வைத்தது, எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. முகட்டைத் தாண்டி, உண்ணிப்புதர் உண்ணிப்புதராகத் தாவி வந்தது. சடையப்பன், வனக்காவலர், வெற்றிச்செல்வன், சத்தம் கேட்டு ஏறி வந்த ஊர்க்காரர்கள், எல்லோரும் பச்சைத் தழையோடு நின்றார்கள். ஆளுயரத்துக்கு வருகிற நெருப்பைத் தழையால் அடிக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவுமில்லை, நகரவுமில்லை.

மேலே இருந்த மஞ்சள் கட்டம் ஒன்றை நெருப்பு முழுசாக விழுங்கியது. பிறகு கல்லிச்சிக் கட்டத்தின் எல்லைக்கு வந்தது. அங்கே புதர் இல்லை. அத்தனை பேருடைய வேண்டுதல்கள் கொத்தி எடுத்த மண்ணும், கணுக்கால் உயரத்துக்குப் புல்லும்தான். மலை முழுக்கச் சீறி வந்தது சட்டென்று கணுக்காலுக்கு இறங்கியது.

"இப்ப அடி!" என்று கத்தினார் சடையப்பன்.

அடித்தார்கள். கண்ணீரும் சளியுமாக அடித்தார்கள். மரத்தின் மேற்குக் கிளை ஒன்று பொசுங்கியது. முடி கருகிய நாற்றம் வந்தபோது வெற்றிச்செல்வனுக்குப் புரிந்தது: பட்டு. நல்ல பட்டு கொழுந்துவிட்டு எரியாது. கருகிச் சுருண்டு அங்கேயே நின்றுவிடும். வெயில் சாயும் நேரத்தில் நெருப்பும் அப்படியே நின்றிருந்தது.

மறுநாள் காலை அம்மா வந்தாள். இந்த முறை அவனே போய்க் கூட்டிவந்தான். பச்சை நூல் பாதிவரை கறுத்திருந்தது. பிணைத்த முடிச்சை அவள் விரலால் நெருடிப் பார்த்தாள், முடிச்சு விட்டிருக்கவில்லை.

"எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆவும்மா," என்றான் அவன். "ஒருவேள ரெண்டு."

கருகிய மலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள் அவள். அப்போது தலைக்கு மேலே பளிச்சென்று ஒரு குரல். பொசுங்காத கிளையில் இரண்டு மஞ்சள் தலைகள், ஒரே பழத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"இதுவா?" என்றாள் அம்மா. "இத்துனூண்டுக்கா இவ்வளவு பேஜாரு?"

"இதுக்குத்தான்."

அவள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு துண்டுப் பச்சை நூலை எடுத்து, கறுத்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிணைக்கத் தொடங்கினாள். "தேதிய மட்டும் தள்ளிப் போடச் சொல்றேன்," என்றாள். "மத்ததுல மாத்தம் இல்ல. பொண்ணு பாக்கறது பாக்கறதுதான்."

அதற்கடுத்த வாரம், குன்றின் அடிவாரத்தில் புதுக்கட்டங்களுக்கு மூலைக்கல் நடுகிற வேலை ஆரம்பித்தது. நூல் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. கல்லின்மேல் பெயிண்ட் அடித்துவிடுவது என்று வெற்றிச்செல்வன் முன்பே தீர்மானித்து, ஆரணியில் இரண்டு டப்பா வாங்கி வந்திருந்தான். ஒன்றைத் திறந்து, கல்லில் அழகாக ஒரு வெள்ளைப்பட்டை அடித்து முடித்தான். அடுத்த டப்பாவைத் திறந்தான்.

சடையப்பன் வெள்ளையைப் பார்த்தார். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். அது காவி.

"சார்," என்றார் மெதுவாக, "கோயில் செவுரு எப்பனா பாத்திருக்கீங்களா?"

வெற்றிச்செல்வன் கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றான். தூரத்தில், ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்த பூங்காவனம் இவர்களைப் பார்த்ததும் நின்று, நெற்றியில் கை வைத்து உற்றுப் பார்த்தாள்.

"மூடுங்க சார், ஜல்தி மூடுங்க," என்றார் சடையப்பன். "நான் போய் ஊதா வாங்கியாறேன்."